2 மில்லியா, 2.5ஆ, 4ஆ? துணிக்குத் தக்க தையல் நீளம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில், வீட்டு மெஷின் ஒன்றே தீபாவளிக்குப் பட்டு ரவிக்கையும், பள்ளி திறக்கும்போது பினாஃபோரும், நடுவில் செம்பனை வேலைக்குப் போகிறவரின் ஜீன்ஸ் சிலுவாரும் (காற்சட்டையும்) தைக்கும். தையல் நீளத்தை மாற்றும் திருகு மட்டும் வருஷம் முழுக்க 2.5 மில்லிமீட்டரிலேயே நிற்கும். பினாஃபோருக்கும் சாதாரணப் பருத்திக்கும் அது சரி. மற்றவற்றுக்குத்தான் வம்பு.

பழைய கறுப்பு மெஷினில் மில்லி எண் இல்லையென்றால், ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் விழுகிறது என்று எண்ணுங்கள். 10 விழுந்தால் 2.5 மில்லி, 8 அல்லது 9 என்றால் 3, 12-13 என்றால் 2.

பொடித்தையல்தான் உறுதி என்பது பாதி உண்மை. ஷிஃபானுக்கும் ஜார்ஜெட்டுக்கும் 2 மில்லியும் 11-ஆம் எண் ஊசியும் போதும். ஜரிகையோடு நெருங்கி நெய்த பட்டில் அதே பொடித்தையல் போட்டால், ஊசித்துளைகள் நெருங்கி ஓரம் சுருங்கும். சில வேளை அந்தக் கோட்டிலேயே கிழியும். அதற்கு 2.5 நல்லது. ரவிக்கையின் பக்கத்தையலை 3-ல் போடுவதே எங்கள் கட்சி. அடுத்த தீபாவளிக்குள் உடம்பு பெருக்காதென்று யார் உறுதி சொல்வது? உள்ளே விட்ட துணியைப் பிரிக்கும்போது நீளத்தையல் சுலபமாக வரும், துணியும் காயப்படாது. கழுத்துப்பட்டையின் முனையில் மட்டும் இருபுறமும் 2 சென்டிமீட்டர் தூரத்துக்கு 1.5 வையுங்கள், அங்கே துணியை ஒட்ட நறுக்குவதால் நீளத்தையல் பிரிந்துவிடும்.

ஜீன்ஸுக்கு 3, மேலே தெரியும் தையலுக்கு 3.5, ஊசி 16. ஓரம் மடித்த இடத்தில் தையல் ஒரே புள்ளியில் குவிவதற்குத் திருகு காரணமல்ல: துணியை அழுத்தும் பாதம் மேடேறும்போது சாய்கிறது, கீழே துணியை நகர்த்தும் பற்கள் அதைப் பிடிக்காமல் போகின்றன. மேட்டின் உயரத்துக்குத் துணித்துண்டு ஒன்றை மடித்துப் பாதத்தின் பின்புறம் செருகினால் பாதம் மட்டமாகும்.

பனியன் துணிக்கு நேர்த்தையலா, வளைத்தையலா (ஸிக்ஸாக்)? வளைத்தையலே: நீளம் 2.5, அகலம் 1, உருண்டைமுனை ஊசி. மெஷினில் அது இல்லாவிட்டால் நேர்த்தையலை 2-க்குக் குறையுங்கள். தையல் கூடினால் நூல் கூடும், நூல் கூடினால் இழுவைக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். துணியைக் கையால் இழுத்துத் தைத்தால் ஓரம் அலை அலையாகிவிடும்.

ரெக்சினுக்கு 3.5-இலிருந்து 4 வரை. பொடித்தையல் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி கிழியும். தவறிப் பிரித்தாலும் துளை மறையாது, ஆகவே வேறொரு துண்டில் முதலில் தைத்துப் பாருங்கள்.

பாவாடை இடுப்பு கொசுவத்துக்கு 4 மில்லியில் இரண்டு வரிசை. மேல்நூலைத் தளர்த்தி, அடியில் இருக்கும் பாபின் நூலை இழுங்கள்.