16, 18, 20 அங்குலம்: நடுத்தரச் செயின்சாவுக்கு எந்த பார் பொருந்தும்?

50 முதல் 60 சிசி வரையிலான பெட்ரோல் செயின்சாவை வாங்குபவர்கள் எஞ்சினைப் பற்றி விசாரிக்கும் அளவுக்கு அதில் பூட்டும் பாரைப் பற்றி, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டைப் பற்றி, விசாரிப்பதில்லை. பெட்டியோடு எது வந்ததோ அதையே வைத்துக்கொள்கிறார்கள். அல்லது, பெரிதாக இருந்தால் சின்ன மரத்துக்கும் ஆகும், பெரிய மரத்துக்கும் ஆகும் என்று 20 அங்குல பாரைக் கேட்டு வாங்குகிறார்கள். ஹஸ்க்வர்னா 455 ரான்சர் வகை இயந்திரத்தில் மூன்று நீளங்களையும் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்த பிறகு என் தீர்ப்பு இதுதான்: ஒரே ஒரு பார்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் 18 அங்குலம், வேலையில் பெரும்பகுதி கிளை கழிப்பதும் விறகுக்குத் துண்டு போடுவதும் என்றால் 16, பருத்த அடிமரங்கள் அடிக்கடி கைக்கு வருபவர்களுக்கு மட்டும் 20.

இந்த 455-இன் எஞ்சின் 55.5 சிசி, திறன் 2.6 கிலோவாட். இதற்கு 13 முதல் 20 அங்குலம் வரையிலான பார் பொருந்தும் என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 271 (50.2 சிசி, 2.6 கிலோவாட்), எம்எஸ் 291 (55.5 சிசி, 2.8 கிலோவாட்) ஆகியவையும் ஏறக்குறைய இதே வகுப்பில் வருபவை என்பதால் இங்கே சொல்வது அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் 20 வரை பூட்டலாம் என்ற குறிப்பைப் பலர் 20 பூட்டுவதே நல்லது என்று படித்துவிடுகிறார்கள். அது மேல்வரம்பு மட்டுமே. அந்த வரம்பில் இயந்திரம் ஓடும். ஆனால் முழு பாரும் மரத்துக்குள் மூழ்கி, அதுவும் வைரம் பாய்ந்த மரமாக இருந்தால், எஞ்சினிடம் மிச்சம் வைத்துக்கொள்ள எதுவும் இருக்காது.

பாரின் நீளம் கூடினால் எஞ்சினுக்குச் சுமை கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். எஞ்சினை இழுத்துப் பிடிப்பது மரத்துக்குள் ஒரே நேரத்தில் கடித்துக்கொண்டிருக்கும் பற்களின் எண்ணிக்கை. பத்து அங்குலக் கட்டையை அறுக்கும்போது பார் 16 ஆனாலும் 20 ஆனாலும் மரத்துக்குள் இருப்பவை அதே ஏழெட்டுப் பற்கள்தான். நீள பாரில் கூடுதலாகச் சேர்வது செயினின் உராய்வும் எடையும் மட்டுமே, அதைக் கை உணருமே தவிர எஞ்சின் பெரிதாக உணராது. வித்தியாசம் தெரிவது பார் முழுவதும் மூழ்கும்போது. சாதாரண 0.325 அங்குலப் பிட்ச் (செயினின் ரிவிட்டுகளுக்கு இடையிலான சராசரித் தொலைவு) செயினில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே 1.3 அங்குலம் இருக்கும். ஆகவே 16 அங்குல வெட்டில் சுமார் 12 பற்கள் மரத்தைக் கடிக்கும். 20 அங்குல வெட்டில் 15. அந்த மூன்று பற்கள் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 55 சிசி எஞ்சின் முழு ரேஸில் சீராகப் பாடுவதற்கும், குரல் தாழ்ந்து திணறத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட கோடு ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. திணறும் எஞ்சினை மேலும் அழுத்தினால் கிளட்ச் நழுவிச் சூடேறும், செயின் மெதுவாகும், பல் சீவல் எடுப்பதை விட்டுத் தேய்க்கத் தொடங்கும். வெட்டிலிருந்து சீவலுக்குப் பதிலாக மாவு போன்ற தூள் விழுந்தால், ஒன்று பல் மழுங்கியிருக்க வேண்டும், அல்லது செயினுக்குக் கிடைக்க வேண்டிய வேகம் கிடைக்கவில்லை என்று பொருள்.

16 அங்குல பாரின் அருமை கிளை கழிக்கும்போது தெரிகிறது. இந்த இயந்திரத்தை முன்கைப்பிடியில் மட்டும் பிடித்துத் தூக்கினால் 16 அங்குல பார் ஏறக்குறையக் கிடைமட்டமாகவே நிற்கிறது. 20 அங்குல பாரில் மூக்கு தரையை நோக்கிச் சாய்கிறது. ஒரு முறை தூக்குவதில் இது ஒன்றுமில்லை. கிளைக்குக் கிளை இயந்திரத்தைப் புரட்டி, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வெட்டிக்கொண்டு நாள் முழுவதும் நகரும்போது அந்தச் சாய்வைத் தாங்குவது இடது மணிக்கட்டுதான். துண்டு போடும்போது வேறொரு நன்மை உண்டு: கட்டை தரையில் கிடக்கும் நிலையில் பாரின் மூக்கு மறுபக்கம் அதிகம் நீட்டிக்கொண்டிருக்காது என்பதால் மண்ணிலும் கல்லிலும் உரசும் வாய்ப்புக் குறைகிறது. மண்ணை ஒரு நொடி தொட்டாலே அந்தக் கூர் போய்விடும் என்பது செயின்சா பிடித்த எவருக்கும் தெரியும். அரம் போடும் வேலையும் குறைவு: ஹஸ்க்வர்னாவின் 16 அங்குல 0.325 செயினில் 66 டிரைவ் லிங்க் (பாரின் விளிம்புப் பள்ளத்துக்குள் ஓடும் இணைப்புகள்), இரண்டுக்கு ஒரு பல் வீதம் 33 பற்கள். 20 அங்குலத்தில் 80 லிங்க், 40 பற்கள்.

இதன் குறையும் தெளிவானது. 16 என்று விற்கப்படும் பாரில் அத்தனை அங்குலமும் மரத்துக்குள் போகாது. பார் தொடங்கும் இடத்தில் மரத்தில் ஊன்றும் பம்பர் முட்கள் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும். மூக்கின் வளைவில் இன்னும் கொஞ்சம் போகும். தண்டின் விட்டத்தைவிட பார் இரண்டு அங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும் என்ற பழைய விதியை இதோடு சேர்த்துப் பார்த்தால், ஒரே வெட்டில் நிம்மதியாக அறுக்கக்கூடியது 14 அங்குல மரம்தான். அதைவிடத் தடித்த கட்டையை இரு பக்கமிருந்தும் அறுத்துப் பிரிக்கலாம். கீழே கிடக்கும் கட்டையைத் துண்டு போடுவதற்கு அது பெரிய சிரமமே இல்லை. நின்ற மரத்தைச் சாய்ப்பது அப்படியல்ல. பாரைவிடத் தடித்த மரத்தைச் சாய்க்கும்போது, கீல் போல விடப்படும் மரப்பகுதியை இரு பக்கமும் ஒரே சீராக விட்டுவைக்கப் பயிற்சி வேண்டும்; இல்லாதவர்கள் அதைத் தேர்ந்தவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

18 அங்குலத்தைப் பற்றிச் சொல்லக் குறைவாகவே இருக்கிறது, அதுவே அதன் சிறப்பு என்றும் கொள்ளலாம். இயந்திரத்தின் சமநிலை சற்றே முன்னோக்கிச் சாய்கிறது, ஆனால் உறுத்தவில்லை. 16 அங்குல மரத்தை ஒரே வெட்டில் முடிக்கிறது. குனிவதும் கொஞ்சம் குறைகிறது. உயரமானவர்கள் இந்த இரண்டு அங்குலத்தை முதுகில் உணர்வார்கள். 55 சிசிக்கு 0.325 செயினோடு இது மிகப் பொருத்தமான அளவு. எம்எஸ் 271 போன்ற 50 சிசி இயந்திரத்துக்கு மட்டும், பச்சை மரமும் மென்மரமும்தான் வேலை என்றால் 18, காய்ந்த கடின மரம் என்றால் 16 என்று ஒரு படி இறங்கிக்கொள்வேன்.

20 அங்குலத்தில் பிட்ச் பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. செயினில் அடுத்தடுத்த மூன்று ரிவிட்டுகளின் மொத்தத் தொலைவில் பாதிதான் பிட்ச். 3/8 பிட்ச் செயினில் பற்களுக்கு இடையே 1.5 அங்குலம் இருப்பதால் 20 அங்குல வெட்டில் 13 பற்களே மரத்தைக் கடிக்கும், 0.325 செயினில் 15 கடித்ததை மேலே பார்த்தோம். பல் பெரிது, எடுக்கும் சீவலும் பெரிது, தடித்த கட்டையின் ஆழத்திலிருந்து சீவலை வெளியே கொண்டுவர இடமும் கூடுதல். அதற்கு விலையும் உண்டு. ஏழு பல் ஸ்பிராக்கெட்டில் (செயினை ஓட்டும் பற்சக்கரத்தில்) எஞ்சின் நிமிடத்துக்கு 9000 சுற்று சுற்றும்போது 0.325 செயின் வினாடிக்கு 17.3 மீட்டர் ஓடுகிறது. அதே சுற்றில் 3/8 செயின் 20 மீட்டர் ஓடும். வேகம் கூடினால் இழுவிசை குறையும் என்பது பொது விதி. கூர் நன்றாக இருக்கும்வரை 55 சிசி எஞ்சின் இதைத் தாங்குகிறது; கூர் சற்றுப் போனதும் 3/8 செயின்தான் முதலில் திணறுகிறது. ஆகவே 20 அங்குலத்தை முதன்மை பாராக வைத்துக்கொள்பவர்கள் 3/8-க்கு மாறுவது நல்லது என்றாலும், அரத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளும் ஒழுக்கமும் அவர்களுக்கு வேண்டும்.

நீள பாருக்கு ஆயிலும் கூடுதலாக வேண்டும். பம்ப்பிலிருந்து வரும் ஆயில் பாரின் காடியில் (விளிம்புப் பள்ளத்தில்) செயினோடு சேர்ந்து மூக்குவரை போய், கீழ்ப்பக்கமாகத் திரும்பி வர வேண்டும். பாதியிலேயே வற்றினால் பாரின் விளிம்பில் நீலமும் பழுப்புமாகக் கருகல் நிறம் ஏறும். அறுபடும் மரத்தின் வாசனைக்குப் பதில் இரும்பு சூடான வாசனை வரும். இதைச் சோதிக்கத் தயாரிப்பாளரின் கையேட்டிலேயே எளிய வழி இருக்கிறது: வெளிர் நிறப் பரப்பிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளி மூக்கைக் காட்டி, முக்கால் ரேஸில் ஒரு நிமிடம் ஓடவிட்டால் பரப்பில் ஆயில் கோடு தெளிவாக விழ வேண்டும். 20 அங்குல பாரைப் பூட்டியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. ஆயில் அளவைக் கூட்டும் திருகு இருக்கும் இயந்திரங்களில் அதையும் கொஞ்சம் திறந்துவிடலாம். நீளச் செயின் சூடேறும்போது தளர்வதும் அதிகம் என்பதால் இழுப்பை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். சூட்டில் இறுக்கிய செயினைக் குளிரும்முன் தளர்த்திவைக்க மறக்கக் கூடாது.

நீள பார் கையில் பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் கிடையாது. மூக்கின் மேல் கால்வட்டப் பகுதி எதையாவது தொட்டால் பார் மேல்நோக்கி, பிடித்திருப்பவரை நோக்கி எகிறும். கிக்பேக் என்பது இதுதான். எந்த நீள பாரிலும் இது நடக்கும். நீள பாரில் அந்த மூக்கு கண்ணிலிருந்து தூரத்தில், பல நேரம் கட்டையின் மறைவில் இருக்கிறது. பத்து அங்குலக் கட்டையை 20 அங்குல பாரால் அறுப்பவருக்கு, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பாதி பார் பின்னால் கிடக்கும் இன்னொரு கட்டையைத் தொடப்போகிறதா என்று பார்க்கவே தனிக் கவனம் தேவை. குறுகிய ஆரமுள்ள மூக்கு கொண்ட பார்களில் எகிறும் வேகம் குறைவு. புதிதாகப் பழகுபவர்கள் நீளத்தைக் கேட்கும் முன் அதைக் கேட்க வேண்டும். எகிறும்போது செயினை உடனே நிறுத்தும் செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும், தயாரிப்பாளர் அனுமதிக்காத பார், செயின் சேர்க்கையைப் பூட்டாமல் இருப்பதும் இதே கணக்கில் சேர்பவை.

பலகை அறுக்க ஆசைப்பட்டு நீள பார் வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரத்தை நெடுக அறுப்பது குறுக்கே அறுப்பதைவிட எஞ்சினை வெகுவாக வாட்டும் வேலை. இந்த வகுப்பு இயந்திரத்துக்கு அது ஏற்றதல்ல. இன்னும் பெரிய எஞ்சின் வேண்டும்.

கடையில் வெறும் நீளத்தை மட்டும் சொல்லி பார் வாங்க முடியாது. இயந்திரத்தில் பார் அமரும் வால்பகுதியின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒரே நிறுவனத்தின் பெரிய, சிறிய இயந்திரங்களுக்கிடையிலும் மாறும். செயினின் பிட்ச், எஞ்சின் பக்க ஸ்பிராக்கெட்டுக்கும் மூக்கில் உள்ள சிறு சக்கரத்துக்கும் ஒத்திருக்க வேண்டும். டிரைவ் லிங்கின் தடிமனான கேஜ், பாரின் காடிக்கு ஒத்திருக்க வேண்டும்: இந்த வகுப்பில் 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் மூன்றும் புழக்கத்தில் உள்ளன. 1.3 செயினை 1.5 காடியில் போட்டால் ஓடத்தான் செய்யும். ஆனால் செயின் பக்கவாட்டில் ஆடி, வெட்டு கோணலாகப் போகும். இந்த எண்கள் பெரும்பாலும் பாரின் வால்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். லிங்க் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் 18 அங்குல 0.325 செயின் ஹஸ்க்வர்னாவில் 72 லிங்க், ஸ்டில்லில் பல இயந்திரங்களுக்கு 74.

இரண்டு பார் வைத்துக்கொள்ள வசதியுள்ளவர்களுக்கு என் பரிந்துரை சற்று மாறும். 16-ஐ எப்போதும் பூட்டியிருக்கட்டும். 20-ஐ எப்போதாவது வரும் பருத்த மரத்துக்கென எடுத்துவைக்கலாம். ஆனால் அப்போது 20-க்கும் 3/8 வேண்டாம், இரண்டும் ஒரே பிட்ச், ஒரே கேஜில் 0.325 ஆகவே இருக்கட்டும். பெரிய வெட்டில் கொஞ்சம் மெதுவாகும், அழுத்தாமல் செயினின் போக்கிலேயே விட்டு அறுக்க வேண்டும். அதற்கு ஈடாக, ஒவ்வொரு முறையும் கிளட்ச் டிரம்மைக் கழற்றி ஸ்பிராக்கெட் மாற்றும் வேலை மிச்சமாகும், இரண்டு செயினுக்கும் ஒரே 4.8 மில்லிமீட்டர் அரம் போதும்.