பழைய கார்: அம்பாசிடரா, ஹெரால்டா?

உருவம்: அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழி வந்தது. உருண்டு திரண்ட உடம்பு, சோபா மாதிரி பின் சீட்டு.
ஹெரால்டு, இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்தது. கூரான விளிம்புகள். நம்ம சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்தது என்பதால் எனக்குத் தனிப் பாசம். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட்டோடு முகப்பு முழுவதும் முன்னால் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் கைவைக்கலாம்!

உதிரி பாகம்: அம்பாசிடர் 2014 வரை உற்பத்தியில் இருந்தது, கிடைத்துவிடும். ஹெரால்டுக்கு அலையணும்.

துரு: கடல் காற்று இரண்டையும் அரிக்கும். அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. அடித்தளம் போயிருந்தால் வாங்காதீர்கள். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ். அது உறுதியாக இருந்தால் பாடியை மீட்டுவிடலாம்.

சரி, எது யாருக்கு? குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்வர அம்பாசிடர். பொறுமையும் நல்ல மெக்கானிக்கும் இருந்தால், தயங்காமல் ஹெரால்டு.