ஃபெட் ‘சார்ஜஸ் அண்ட் ஃபீல்ட்ஸ்’: மின்னழுத்தத்தை அது காட்டும், வேலையை நாம்தான் கணக்கிட வேண்டும்

மின்னூட்டங்களைத் திரையில் வைத்து, சுற்றியுள்ள மின்னழுத்தத்தையும் மின்புலத்தையும் அளந்து பார்க்க, கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் குழு இலவசமாகத் தரும் சிமுலேஷன் இது. பிரவுசரிலேயே ஓடும், போனிலும் திறக்கும், ஆனால் அளவுநாடாவைச் சரியாக வைக்கப் பெரிய திரை வேண்டும்.

+1 நானோகூலும் மின்னூட்டம் ஒன்றைத் திரையின் நடுவில் வையுங்கள். ‘மதிப்புகள்’ பெட்டியை டிக் செய்துவிட்டு, மின்னழுத்தமானியின் குறிவட்டத்தை 1 மீட்டர் தொலைவில் நிறுத்தினால் ஏறத்தாழ 9 வோல்ட் காட்டும். 2 மீட்டரில் 4.5, 3 மீட்டரில் 3. அப்படியானால் இன்னொரு +1 நானோகூலுமை 3 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்குக் கொண்டுவர நாம் செய்ய வேண்டிய வேலை 1 × (9 − 3) = 6 நானோஜூல். நேராகப் போனாலும் சுற்றிப் போனாலும் இதே விடைதான். பென்சில் பொத்தானை அழுத்தினால் சமமின்னழுத்தக் கோடு வரும். அதன் மேலேயே நகர்ந்தால் வேலை சுழி.

மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சோதனை மின்னூட்டம் என்று நினைத்து இரண்டாவது +1-ஐத் திரையில் இழுத்து விடுவார்கள். உடனே அதன் சொந்த மின்னழுத்தமும் கூட்டலில் சேர்ந்து, அதன் அருகே அளவு எகிறிவிடும். நகர்த்தப்போகும் மின்னூட்டத்தை (q) தாளில், கணக்கில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் மானி மட்டும் நகரட்டும்.

இதன் உண்மையான பலம் இந்தச் சோதனையில் தெரியும். 2 மீட்டர் இடைவெளியில் +1, −1 வைத்தால் நடுப்புள்ளியில் மின்னழுத்தம் சுழி, மின்புலமோ 18 வோல்ட்/மீட்டர். −1-ஐ எடுத்துவிட்டு +1 வையுங்கள்: இப்போது மின்னழுத்தம் 18 வோல்ட், மின்புலம் சுழி. மின்புலம் என்பது மின்னழுத்தத்தின் அளவு அல்ல, அதன் சரிவு என்பதைக் கரும்பலகையில் இவ்வளவு வேகமாகக் காட்ட முடியாது.

குறைகள்? மின்னூட்டங்கள் வைத்த இடத்திலேயே நிற்கும், தாமாக நகரா. வேலையோ நிலை ஆற்றலோ எங்கும் எண்ணாக வராது. சிவப்பு, நீல நிறங்கள் குறியைச் சொல்லுமே தவிர அளவுக்கு அவற்றை நம்ப வேண்டாம். இன்னொன்று: இரண்டு வரிசையாக மின்னூட்டங்களை அடுக்கி ‘இணைத்தட்டு மின்தேக்கி’ என்று பாடம் நடத்தாதீர்கள். ஒவ்வொன்றும் புள்ளி மின்னூட்டமாகத்தான் கணக்கிடப்படுகிறது; ஆகவே உங்களுக்குக் கிடைப்பது தட்டுகள் அல்ல, இரண்டு மின்னூட்டக் கோடுகள். இடைவெளியின் நடுவே புலம் குறைந்து, வரிசைகளின் பக்கம் போகப்போகக் கூடும். மின்புலத்தைக் காட்டும் சென்சாரை நகர்த்தினாலே தெரிந்துவிடும்.