வாட் மீட்டரோடு சில வருடங்கள்: கரண்ட் உண்மையில் எங்கே போகிறது?

பிளக் பாயிண்டுக்கும் சாதனத்துக்கும் நடுவில் செருகினால் அந்தச் சாதனம் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும் சின்ன வாட் மீட்டர் ஒன்றைச் சில வருடங்களாக வீட்டில் பயன்படுத்தி வருகிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைச் செருகினால் மட்டும் பில் குறையாது. ஆனால் வீட்டில் யார் எதற்காகக் கோபப்பட வேண்டும் என்பதை இது மாற்றிவிடும். எனக்கு அதுதான் பெரிய லாபம்.

எங்கள் அப்பாவுக்கு ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் பொறுக்காது, கடைசியாக அங்கிருந்து வந்தவர் யார் என்று கேட்காமல் விடமாட்டார். மீட்டரில் போட்டுப் பார்த்தால் அந்த எல்.இ.டி. பல்பு 9 வாட். 24 மணி நேரமும் எரிந்தாலும் கால் யூனிட்டைத் தொடாது. செட்டாப் பாக்ஸோ, டி.வி.யையும் சேர்த்து ரிமோட்டில் அணைத்துவிட்டு எல்லோரும் படுத்த பிறகும் 12 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. ஓடும்போதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இப்படியே விட்டால் வருடத்துக்கு 100 யூனிட்டுக்கு மேல் போகும். அதைப் பற்றி வீட்டில் ஒருவர்கூடப் பேசியதில்லை. எரியும் லைட் கண்ணில் படுகிறது, இது படுவதில்லை, அவ்வளவுதான்.

இது எங்கள் வீட்டில் மட்டும் இருக்கும் பழக்கம் இல்லை. ஆய்வாளர் ஷாஹ்சீன் அட்டாரியும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், மின்சாரத்தை மிச்சப்படுத்த என்ன வழி என்று கேட்டதற்கு லைட்டை அணைப்பது போன்றவற்றையே பலர் சொன்னார்கள். அதிகம் இழுக்கும் சாதனங்களை உண்மையில் இருப்பதைவிட ரொம்பக் குறைத்து மதிப்பிட்டார்கள். கீசரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2 கிலோவாட் கீசர் அரை மணி நேரம் சூடேறினால் ஒரு யூனிட் முடிந்தது, அதே ஒரு யூனிட்டில் அந்தப் பல்பு 100 மணி நேரத்துக்கு மேல் எரியும். யாராவது குளிப்பார்கள் என்று கீசரை ஆன் செய்தே வைத்திருக்கும் வீட்டில் லைட்டுக்காகத் திட்டிப் பயனில்லை.

அப்புறம் ஏ.சி. சீக்கிரம் குளிரட்டும் என்று தம்பி 18இல் வைப்பான். இன்வெர்ட்டர் ஏ.சி. அல்லாத சாதாரண ஏ.சி.யில் கம்ப்ரசர் ஓடினால் முழு வேகத்தில்தான் ஓடும், 24இல் வைத்தாலும் அறை அதே வேகத்தில்தான் குளிரும். 18 என்றால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வெப்பநிலையைக் குறித்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பலர் தண்ணீர்க் குழாயைப் போல, அதிகம் திருகினால் அதிகம் வரும் என்று நினைத்துத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று ஆய்வாளர் வில்லட் கெம்ப்டன் 1986இலேயே எழுதினார். இதைப் புரியவைத்த பிறகு 26இல் வைத்து ஃபேனையும் போட்டுக்கொள்ள அவன் சம்மதித்தான்.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்ற இடத்தில் ஒரே மாதிரி கட்டிய வரிசை வீடுகளை 1970களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தார்கள். சுவர், ஜன்னல், அளவு எல்லாம் ஒன்று, ஆனாலும் வீட்டைச் சூடாக்க ஆன செலவு வீட்டுக்கு வீடு இரண்டு மடங்குவரை வேறுபட்டது. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு குடியிருந்தவர்களால் வந்தது. ஸ்டார் ரேட்டிங்கை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களிடம் இதை நான் அடிக்கடி சொல்கிறேன்.

பழக்கத்தை மாற்றச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனபின், சுவிட்ச் இருக்கும் இடத்தை மாற்றினோம். டி.வி. அலமாரிக்குப் பின்னால் கை எட்டாத பாயிண்டில் இருந்ததையெல்லாம் சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றி முன்பக்கம் கொண்டுவந்தோம். இப்போது படுக்கப் போகும்போது அம்மாவே அணைத்துவிடுகிறார், யாரும் நினைவூட்டுவதில்லை. செட்டாப் பாக்ஸ் திரும்ப உயிர்பெறச் சில நிமிடங்கள் ஆகும், அதனால் பகலில் அதைத் தொடுவதில்லை. கீசருக்கு டைமர் போட்டோம், அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

குறைகளும் இருக்கின்றன. ஓரிரு வாட் அளவில் இது காட்டுவதை நம்ப முடியாது. ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓடும் என்பதால் ஒரு முழு நாளாவது விட்டு வைத்தால்தான் சரியான கணக்கு கிடைக்கும். வயரிங்கோடு நேரடியாக இணைத்த ஏ.சி., கீசருக்கு இது உதவாது, மெயின் போர்டில் வயரைக் கவ்வும் கிளாம்ப் வகை மீட்டர் வேண்டும், அதை எலக்ட்ரீஷியனை வைத்தே போடுங்கள். திரையில் வெளிச்சம் இல்லாததால் தரையோரப் பாயிண்டில் செருகினால் டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு ஒன்று அவசியமில்லை. ஒரு சுற்று அளந்து முடித்ததும் அதற்கு வேலை குறைந்துவிடும், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டாலே போதும்.