ஆய்விதழா, மாநாடா, இணையமா, வட்டாரக் கருத்தரங்கா: முதல்நிலை மருத்துவ ஆய்வை எங்கே பகிர்வது?

ஆயிரம் பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் அவர்களில் 750 பேருக்கு ஏதாவது ஒரு உடல்நலக் குறை வருகிறது. 250 பேர் மருத்துவரைப் போய்ப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போகிறவர் ஒரே ஒருவர். மருத்துவ ஆய்வாளர் கெர் வைட்டும் அவருடைய சகாக்களும் 1961இல் போட்ட கணக்கு இது. 2001இல் அமெரிக்கத் தரவுகளை வைத்து வேறொரு குழு இதே கணக்கைத் திரும்பப் போட்டபோதும் விகிதங்கள் பெரிதாக மாறவில்லை.

மருத்துவ ஆய்வு நெடுங்காலமாக அந்த ஒருவரைச் சுற்றியே நடந்து வந்திருக்கிறது. மற்றவர்களைப் பார்க்கும் குடும்ப மருத்துவர், கிளினிக் செவிலியர், மருந்தாளுநர் ஆகியோரின் அன்றாட வேலையை, அதாவது முதல்நிலை மருத்துவத்தை, ஆராயும் முயற்சிகள் அதற்குப் பின்னால்தான் வந்தன. அப்படி அரும்பாடுபட்டுச் செய்த ஆய்வும் அந்த 250 பேரைப் பார்ப்பவர்களின் காதுக்கு எட்டாமல் போனால், அது செய்தும் செய்யாதது போலத்தான். அதனால் எங்கே பகிர்வது என்பதை ஆய்வு முடிந்தபின் யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. ஆய்வின் தரத்துக்கு இணையான கேள்வி அது.

வழிகள் நான்கு. ஆய்விதழில் கட்டுரை, ஆண்டு மாநாடு, இணையவழி உரை, வட்டார அளவில் தொடர்ந்து நடக்கும் கருத்தரங்கு. என் வாக்கு கடைசிக்குத்தான். ஆனால் அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு.

ஆய்விதழைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை விட்டுவிட முடியாது. துறைசார் வல்லுநர்களின் மதிப்பீட்டைத் தாண்டி வருவதும், பத்து ஆண்டு கழித்தும் தேடினால் கிடைப்பதும், ஒரு கேள்விக்கான எல்லா ஆய்வுகளையும் திரட்டி எடைபோடும் முறைசார் மீளாய்வு செய்பவர் கையில் சேர்வதும் கட்டுரை மட்டுமே. அச்சில் வந்ததாலேயே யாரும் மாறிவிடுவதில்லை என்பதுதான் பிரச்சினை. ஆய்வாளர்கள் ஜான் கேபேயும் ஆந்த்ரே லே மேயும் இங்கிலாந்தின் கிளினிக்குகளில் உட்கார்ந்து கவனித்து 2004இல் எழுதியதை இந்தத் துறையில் இருக்கும் எல்லாரும் படிக்க வேண்டும். அங்கிருந்த மருத்துவர்களும் செவிலியர்களும் சான்றுகளை நேரடியாகத் தேடிப் படிப்பது அபூர்வமாக இருந்தது. சொந்த அனுபவம், சக ஊழியர்களோடு பேச்சு, தாங்கள் மதிக்கும் ஒருவரின் கருத்து, நோயாளிகள் சொல்வது, மருந்து நிறுவனப் பிரதிநிதி சொல்வது, நடுவே கொஞ்சம் வாசிப்பு. இவையெல்லாம் சேர்ந்துதான் அவர்கள் மனதில் ஒரு நடைமுறையாகப் படிந்தன. ஆய்வுச் சான்று நடைமுறைக்கு வர 17 ஆண்டுகள் ஆகின்றன என்று மேடைதோறும் ஒரு எண் சொல்லப்படுகிறது. 2011இல் அதை அலசியவர்கள், எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதை ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு விதமாக அளந்திருப்பதைக் காட்டினார்கள். அதனால் அந்த எண்ணை நான் தூக்கிப் பிடிப்பதில்லை. தாமதம் உண்டு என்பது மட்டும் உறுதி.

அடுத்தது ஆண்டு மாநாடு. இதற்கும் வட்டாரக் கருத்தரங்குக்கும்தான் உண்மையான போட்டி. பணமும் நேரமும் இரண்டுக்கும் ஒரே பையிலிருந்துதான் போகின்றன.

மாநாட்டின் பலம் அதன் பரப்பு. வட அமெரிக்காவில் 1972இல் தொடங்கிய முதல்நிலை மருத்துவ ஆய்வுக் குழுவின் ஆண்டுக் கூட்டம் போன்ற ஒன்றில், வேறு நாட்டில் அதே கேள்வியோடு மல்லுக்கட்டும் ஒருவரை நேரில் சந்திக்கலாம். முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் இளம் ஆய்வாளருக்கு அந்த ஒரு சந்திப்பு அடுத்த வேலையையே வாங்கித் தரலாம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஆய்வாளர்கள். கிளினிக்கை மூன்று நாள் மூடிவிட்டு, பதிவுக் கட்டணமும் பயணச் செலவும் கொடுத்து வரக்கூடிய மருத்துவர் குறைவு. செவிலியரை அனுப்பும் கிளினிக் அதைவிடக் குறைவு. பத்து நிமிட உரை, ஐந்து நிமிடக் கேள்வி, மணி அடித்தால் அடுத்தவர். அப்புறம் அந்த ஆய்வு என்ன ஆகிறது? மாநாட்டில் சுருக்கமாக முன்வைக்கப்பட்ட மருத்துவ ஆய்வுகளில் எத்தனை முழுக் கட்டுரையாக வெளிவந்தன என்று 2018இல் வந்த காக்ரேன் மீளாய்வு (காக்ரேன் என்பது இத்தகைய முறைசார் மீளாய்வுகளை வெளியிடும் அமைப்பு) கணக்கிட்டது. 37.3 சதவீதம். மற்றவை மாநாட்டு மலரோடு நின்றுபோயின.

இப்போது ஒரு ஆய்வைக் கையில் எடுத்து இரண்டு இடத்திலும் வைத்துப் பார்ப்போம். சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் திடீரென முற்றி வருபவருக்கு ஆன்டிபயாடிக் தேவையா இல்லையா என்று முடிவெடுக்க, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, உடலில் அழற்சி இருந்தால் கூடும் சிஆர்பி என்ற புரதத்தின் அளவைக் கிளினிக்கிலேயே பார்ப்பது உதவுமா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 86 பொது மருத்துவக் கிளினிக்குகளில் இதைச் சோதித்தார்கள். 2019இல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 77.4 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டார்கள். பரிசோதனை செய்த குழுவில் 57.0 சதவீதம் பேர்தான். குறைவாக எடுத்துக்கொண்டதால் உடல்நிலை மோசமானதற்குச் சான்று எதுவும் இல்லை.

மாநாட்டில் இது ஒரு ஸ்லைடு. கைதட்டல் கிடைக்கும். மாதிரியின் அளவு, குழுக்களைப் பிரித்த முறை, விடுபட்ட தரவு என்று கேள்விகள் வரும். நல்ல கேள்விகள்தான். இதையே ஒரு வட்டார அமர்வில், இருபது முப்பது பேர் உள்ள அறையில் வையுங்கள். கருவி எங்கே இருக்கும், என் அறையிலா செவிலியர் அறையிலா? முடிவு வர ஆகும் நிமிடங்களில் நோயாளி எங்கே உட்காருவார்? கருவி சரியாக அளக்கிறதா என்று யார், எப்போது பார்ப்பது? மூச்சு வாங்கினால் உடனே போட்டுக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறோமே, அவர்கள் கிளினிக்குக்கே வருவதில்லையே, அவர்களை என்ன செய்வது? கடைசிக் கேள்வியைக் கேட்பது பெரும்பாலும் மருந்தாளுநராக இருப்பார். மாத்திரை அட்டை தீர்ந்து திரும்ப வாங்க வருபவர்களைப் பார்ப்பது அவர்தானே.

77 எப்படி 57 ஆகும் என்பது இந்த இரண்டாவது வகைக் கேள்விகளில்தான் இருக்கிறது. அந்த அறையில் இருப்பவர்கள் ஒரே பகுதியில் வேலை செய்பவர்கள், ஒரே மருத்துவமனைக்கு நோயாளிகளை அனுப்புபவர்கள். ஒருவர் சொல்லும் தடை இன்னொருவருக்கும் தடைதான். ஒருவர் தாண்டியிருந்தால் எப்படித் தாண்டினார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்த மாதமும் அதே முகங்கள் வரும் என்பதால், போன முறை சொன்னதைச் செய்து பார்த்தேன், இப்படி ஆனது என்று பேச்சு தொடரும். கேபேயும் லே மேயும் கவனித்த அந்தப் படியும் வேலை நடக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

போக்குவரத்து ஒரு பக்கம் மட்டும் இல்லை. முதல்நிலை மருத்துவத்தின் நல்ல கேள்விகள் பல, ஒரு ஊரில் நிலையாக வேலை செய்த மருத்துவர்களிடமிருந்து வந்தவை. வில்லியம் பிக்கிள்ஸ் இங்கிலாந்தின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் யார் யாரைச் சந்தித்தார்கள், எத்தனை நாளில் காய்ச்சல் கண்டது என்று குறித்துவைத்தே தொற்று மஞ்சள் காமாலை அறிகுறி காட்ட எடுக்கும் காலத்தைக் கண்டார். ஜேம்ஸ் மெக்கன்சி 1919இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆய்வு நிலையம் தொடங்கியபோது உள்ளூர்ப் பொது மருத்துவர்களையே அதில் ஆய்வாளர்களாகச் சேர்த்தார். இப்படிப்பட்ட ஒருவர் தான் கவனித்ததை மாநாட்டுக்கு முந்நூறு சொல்லில் எழுதி அனுப்ப மாட்டார். பக்கத்து ஊரில் நடக்கும் அமர்வில் எழுந்து சொல்வார்.

சரி, கூட்டங்களால் நடைமுறை மாறுகிறது என்பதற்குச் சான்று உண்டா? உண்டு, ஆனால் அடக்கமாகத்தான் இருக்கிறது. 2009இல் வந்த காக்ரேன் மீளாய்வில், கல்விக் கூட்டங்களால் பரிந்துரைத்த நடைமுறையைப் பின்பற்றுவது, ஆய்வுகளின் நடு மதிப்பாக, 6 சதவீதம் கூடியிருந்தது. 2021இல் புதுப்பித்தபோதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வெறும் உரையைவிட உரையும் கலந்துரையாடலும் சேர்ந்த கூட்டங்கள் மேல் என்றும், அழைக்கப்பட்டவர்களில் அதிகம் பேர் வந்த கூட்டங்களின் விளைவு பெரிது என்றும், சிக்கலான நடத்தையை மாற்றுவதில் கூட்டங்கள் திணறுகின்றன என்றும் 2009 மீளாய்வு சொன்னது. அதில் சேர்ந்தவை பெரும்பாலும் பயிற்சிக் கூட்டங்கள், ஆய்வுக் கருத்தரங்குகள் அல்ல. அதையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். 6 சதவீதம் சின்னதாகத் தோன்றலாம். ஒரு வட்டாரத்தில் அந்தச் சிகிச்சை தேவைப்படும் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் அது சின்ன எண் இல்லை.

இணையவழிக்கு வருகிறேன். இதில் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். ஒன்று வெபினார். ஒருவர் பேசுவார், நூற்றுக்கணக்கானோர் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்பார்கள், அல்லது கேட்பது போல் இருப்பார்கள். இன்னொன்று சஞ்சீவ் அரோரா நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 2003இல் தொடங்கிய எக்கோ திட்டம் போன்றது. தொலைவிலுள்ள கிளினிக்குகளும் சிறைகளும் ஒரே குழுவாகத் தவறாமல் திரையில் கூடி, தங்கள் ஹெபடைடிஸ் சி நோயாளிகளைப் பற்றிப் பேசி, நிபுணர்களோடு சேர்ந்து முடிவெடுத்தன. 2011இல் வெளியான முடிவின்படி பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம் பேருக்கும், இந்தக் குழுவிலிருந்த இடங்களில் 58.2 சதவீதம் பேருக்கும் வைரஸ் நீங்கி நிலைத்தது. முதல்நிலை மருத்துவர் கையிலும் அதே பலன்.

எக்கோவில் வேலை செய்தது திரை இல்லை என்றே நான் நினைக்கிறேன். அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள், ஒவ்வொருவரும் வாய் திறந்தார்கள். நல்ல வட்டாரக் கருத்தரங்கில் இருப்பதும் இதேதான். தனியாக ஒரே மருத்துவர் மட்டும் இருக்கும் தொலைதூரக் கிளினிக்குக்கு இணையம்தான் ஒரே வழி. அவரை வெளியே நிறுத்தும் கருத்தரங்குக்கு வட்டாரம் என்ற பெயரே பொருந்தாது. ஆனால் பாதிப் பேர் அறையில், பாதிப் பேர் திரையில் என்ற கலப்பு ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேச, திரையில் இருப்பவர்கள் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். சில அமர்வுகள் முழுக்க நேரில், சில முழுக்க இணையத்தில் என்று பிரித்துவிடுவது மேல்.

ஒரு கிளினிக்குக்குள் கூடி ஆய்விதழ்க் கட்டுரையைப் படித்து விவாதிக்கும் ஜர்னல் கிளப்பும் நல்ல பழக்கம்தான். மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1875இலேயே தொடங்கியது. ஆனால் கட்டுரையை எழுதியவர் அங்கே இருக்க மாட்டார், கேள்வி அவருக்குப் போய்ச் சேராது. அதனால் இந்தப் போட்டியில் நான் அதைச் சேர்க்கவில்லை.

வட்டாரத் தொடரின் பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, அது பெரும்பாலும் ஒரே ஒருவரின் உற்சாகத்தில் ஓடுகிறது. அவர் வேலை மாறிப் போனால் தொடர் அடுத்த ஆண்டு இருக்காது. இரண்டாவது, படிநிலை. மூத்த பேராசிரியர் முதலில் கருத்து சொல்லிவிட்டால் செவிலியர் கை உயர்த்த மாட்டார். அதனால் முதல் இரண்டு கேள்விகள் நாள்தோறும் கிளினிக்கில் உட்காருபவர்களுக்கு என்று நெறியாளர் முன்பே அறிவித்துவிட வேண்டும். சின்ன விதிதான், ஆனால் அறையின் போக்கையே மாற்றிவிடும். மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. மதிப்பீடு ஆகாத முடிவு இங்கே பேசப்படுகிறது. முடியாத ஆய்வைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம் என்பது இந்தத் தொடரின் பெரிய வசதி. ஆனால் அதைக் கேட்டுவிட்டு மறுநாளே ஒருவர் மருந்தை மாற்றினால் ஆபத்து. முதல் ஸ்லைடிலேயே இது இடைக்கால முடிவு, இதை வைத்துச் சிகிச்சையை மாற்ற வேண்டாம் என்று எழுதுவதும், வாயாலும் சொல்வதும் கட்டாயமாக இருக்க வேண்டும். சிறிய வட்டாரம் என்பதால் நோயாளியை அடையாளம் கண்டுகொள்வதும் எளிது. வயதையும் தொழிலையும் சொன்னாலே அறையில் இருவருக்குத் தெரிந்துவிடும். அந்த விவரங்களை மாற்றியே பேச வேண்டும்.

மருந்து நிறுவனத்தின் பணம் வேண்டவே வேண்டாம். மருத்துவர் மனதில் நடைமுறை படியும் வழிகளில் நிறுவனப் பிரதிநிதி ஏற்கெனவே ஒருவர். அந்த அறையையும் அவரிடம் கொடுத்துவிட்டால் நமக்கென்று ஒரு இடமே மிஞ்சாது. செலவும் பெரிதில்லை. இடம் ஏதாவது ஒரு கிளினிக் தரும். உண்மையில் பணம் தேவைப்படுவது ஒருங்கிணைப்பவரின் நேரத்துக்கு. வாரத்தில் அரை நாள் அவருக்கு அதிகாரபூர்வமாக ஒதுக்கப்பட்டால் தொடர் நிற்காமல் ஓடும்.

ஒரு ஆய்வுக்கு இந்த வழிகளை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்று கேட்டால், திட்டம் தீட்டும்போதே ஒருமுறை வட்டார அமர்வுக்குப் போங்கள். எந்த விளைவை அளக்கப் போகிறீர்கள் என்பதை அங்கே சொல்லுங்கள். அது தங்களுக்கு முக்கியமே இல்லை என்று கிளினிக்கில் இருப்பவர்கள் சொன்னால், மாற்ற இன்னும் நேரம் இருக்கும். குழுவில் இளையவர் இருந்தால் முடிவுகளோடு அவரை மாநாட்டுக்கு அனுப்புங்கள், வேலையில் நிலைத்துவிட்டவர்கள் விட்டுக்கொடுக்கலாம். கட்டுரை வெளிவந்ததும் ஒரு பக்கத்தில் அதன் சாரத்தை எழுதி எடுத்துக்கொண்டு அதே வட்டார அமர்வுக்குத் திரும்பப் போங்கள். இந்த இரண்டாவது வருகையைத்தான் பல குழுக்கள் செய்வதில்லை, கட்டுரை வந்ததோடு அடுத்த ஆய்வுக்குப் போய்விடுகின்றன. அன்று உங்கள் உரை பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மீதி நேரத்தை, இதை அடுத்த வாரம் தன் கிளினிக்கில் தொடங்க நினைக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.