வீட்டுக் காற்றுத்தரமானி வாங்கலாமா? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு விமர்சனம்

வாங்கலாம். ஆனால் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் ஐந்து அளவுகளில் ஒன்றை, பி.எம். 2.5 என்ற நுண்துகள் அளவை, மட்டும் நம்பி வாங்குங்கள், மற்ற நான்கும் அலங்காரம். அவசரக்காரர்கள் இந்த வரியோடு கிளம்பிவிடலாம், மீதி பேர் உட்காருங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, முன்னால் வண்ணத் திரை, பின்னால் சின்னக் காற்றாடி, அவ்வளவுதான் பொருள். இணையத்தில் 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. சீனத் தயாரிப்பு, பெயர் சொல்லும்படியான நிறுவனம் இல்லை, இதே பெட்டியை நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள். காட்டுவது பி.எம். 2.5, பி.எம். 10 என்ற துகள் அளவுகள், கரியமில வாயு, ஃபார்மால்டிஹைடு, அப்புறம் காற்றில் கலந்திருக்கும் ஆவிகளின் மொத்த அளவு என்று ஒன்று. கூடவே வெப்பம், ஈரப்பதம்.

சுற்றுச்சூழல் துறை இலவசமாகவே காட்டுகிறதே, இது எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாடு முழுக்க 60க்கும் மேற்பட்ட கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைக் கைப்பேசியில் மணிக்கு மணி பார்க்கலாம், அந்த நிலையங்களின் கருவிகளோடு என் பெட்டியை ஒப்பிடுவதே தவறு. ஆனால் எங்களுக்குப் பக்கத்தில் இருப்பவை ஈப்போ தாசேக்கும் தைப்பிங்கும். ஈப்போவுக்கும் எங்களுக்கும் நடுவில் செம்மோர் பக்கம் சுண்ணாம்பு மலைகளும் கல்லுடைப்பும் லாரிகளும், இந்தப் பக்கம் செம்பனையும் மிச்சமிருக்கும் ரப்பர் பால்மரங்களும். தாசேக்கில் நீல நிறத்தில் 40 காட்டும் அதே சாயங்காலம் எங்கள் தாமானின், அதாவது குடியிருப்பின், பின்வரிசையில் கண் எரியும். இன்னொன்று, அந்தக் குறியீட்டில் பி.எம். 2.5க்கான கணக்கு 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடுவது. மத்தியானம் புகை வந்து இறங்கினால் அது குறியீட்டில் முழுதாக ஏறுவதற்குள் பிள்ளைகள் திடலில் பந்து விளையாடி முடித்திருப்பார்கள். பெட்டி அந்த நிமிடத்தைக் காட்டுகிறது. நான் காசு கொடுத்தது அதற்குத்தான்.

பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள், தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு மயிரில் சிக்காது, நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும். பெட்டிக்குள் ஒரு லேசர் கதிர் இருக்கிறது, காற்றாடி இழுத்துவரும் துகள் அந்தக் கதிரில் படும்போது ஒளி சிதறும், சிதறலை வைத்து ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று கணக்குப் போடும். எடை போட்டுப் பார்ப்பதில்லை, ஊகிக்கிறது. சின்னத் துகளுக்கு இந்த ஊகம் பரவாயில்லாமல் வருகிறது. பி.எம். 10 போன்ற பெரிய தூசியை இந்த வகை சென்சார் சரியாகப் பிடிப்பதில்லை, சின்னதை வைத்துப் பெரியதைக் கணித்துப் போடுகிறது. லாரித் தூசிக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

தாசேக் பக்கம் சின்னம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இதையும் எடுத்துப்போய் வைத்துப் பார்த்தேன். எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது, அங்கே வருவது குறியீடு, இங்கே வருவது மைக்ரோகிராம். நிலையம் ஏறும் நாளில் இது ஏறுகிறதா, இறங்கும் நாளில் இறங்குகிறதா என்று மட்டும் பார்த்தேன், அது சரியாகவே இருந்தது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுபவர்கள் தயவுசெய்து கவனிக்கவும். பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவும் ஒரு குறியீடு காட்டும், ஆனால் அது அமெரிக்கக் கணக்கு, 35.4 மைக்ரோகிராமிலேயே 100 ஆகிவிடும், நம் நாட்டுக் கணக்கு வேறு. நான் அந்தப் பக்கமே போவதில்லை, மைக்ரோகிராமை மட்டும் பார்க்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் 24 மணி நேரத்துக்கு 15 என்று சொன்னது, நம் நாட்டின் 2020ஆம் ஆண்டுத் தரவரம்பு 35. இந்த இரண்டு எண்ணும் ஞாபகம் இருந்தால் போதும்.

இதன் பெரிய குறை விடியற்காலையில்தான் தெரியும். பொழுது விடியும் நேரம் தோட்டத்துப் பக்கம் மூடுபனி நிற்கும்போது 60, 70 என்று சிவப்பில் கத்தும், பத்து மணிக்கு வெயில் ஏறியதும் 15க்கு வந்துவிடும். பாதி உண்மை, பாதி ஈரம். காற்றில் ஈரம் கூடினால் துகள் தண்ணீரை உறிஞ்சி ஊதிப்போகிறது, லேசர் அதைப் பெரிய துகள் என்று எடுத்துக்கொள்கிறது. அரசாங்க நிலையங்களின் கருவிகள் காற்றை உலர்த்திவிட்டு அளக்கும், 200 வெள்ளிப் பெட்டியில் அதற்கு ஏது இடம். பர்ப்பிள்ஏர் என்ற இன்னொரு காற்றுத்தரமானியின் லேசர் சென்சாருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு திருத்தம் போட்டிருக்கிறது. காட்டும் எண்ணை 0.524ஆல் பெருக்கு, ஈரப்பதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழி, 5.75 கூட்டு. 60 காட்டும்போது ஈரப்பதம் 95 என்றால் 29 வருகிறது. அது அமெரிக்கக் காற்றுக்குப் போட்ட கணக்கு, என் பெட்டியும் அந்தப் பெட்டி இல்லை, அதனால் 29ஐயும் வேதவாக்காக எடுக்க மாட்டேன். ஆனாலும் விடியற்காலை எண்ணைப் படம் பிடித்து உறவினர்களுக்கு அனுப்பிப் பயமுறுத்துவதற்கு முன் இதை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

சரி, உருப்படியாக என்ன காட்டியது? சாயங்காலத்தை. காற்று நிற்கும் நாட்களில் ஆறரை மணிக்கு மேல் எண் மெல்ல ஏறத் தொடங்கும், ஏழரைக்குள் 80, 100 வரை போகும், புகைமூட்டத்தைக் கொண்டுவரும் சுமத்ராத் தீ இருக்கிறதோ இல்லையோ. காரணம் எங்கள் தாமான்தான். காய்ந்த இலை, வாழைச் சருகு, அதோடு நெகிழிப் பையும் சேர்த்துப் பின்னால் குவித்துக் கொளுத்துவது. பகலில் வெயில் சூட்டில் புகை மேலே போய்விடும், பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்து புகை கீழேயே தங்குகிறது. எச்சரிக்கை ஒலியைக் கேட்டுவிட்டுப் பின்வீட்டு அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “என்ன தங்கச்சி, வீட்டுல வெடிகுண்டா வச்சிருக்கே?” என்றார். “உங்க நெருப்புக்குத்தான் அண்ணே கத்துது” என்றேன். சிரித்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார், ஆனால் மறுவாரம் மறுபடியும் கொளுத்தினார், அது வேறு கதை. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. சமயச் சடங்கு போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. பெரிய தோட்டங்கள் மறுநடவின்போது பழைய செம்பனையைச் சாய்த்துச் சீவி வரிசையில் மக்க விடும் முறைக்கு எப்போதோ வந்துவிட்டன, நாம்தான் ஒரு வாளிச் சருகுக்குத் தீப்பெட்டியைத் தேடுகிறோம்.

வீட்டுக்குள் வந்தால் இன்னும் மோசம். பூசையறையில் சாம்பிராணி போட்டால் 300ஐத் தாண்டும், அது பத்து நிமிடப் புகை, ஜன்னலைத் திறந்தால் போய்விடும். கொசுவத்திதான் ராத்திரி முழுக்க எரிகிறது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் பி.எம். 2.5 அளவு 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது, அதில் மலேசியச் சுருள்களையும் சோதித்திருந்தார்கள். படித்தபோது மிகைப்படுத்துகிறார்களோ என்று இருந்தது, மூடிய படுக்கையறையில் பெட்டியை வைத்துப் பார்த்ததும் அந்தச் சந்தேகம் போய்விட்டது. இப்போது கொசுவலை.

மற்ற அளவுகளுக்கு வருகிறேன். கரியமில வாயு என்று காட்டுவது சுத்தப் பொய். உண்மையாக அளக்க அகச்சிவப்புக் கதிர் சென்சார் வேண்டும், அது விலை கூடியது. இதில் இருப்பது ஆவி சென்சார் ஒன்று, அது காட்டும் அளவிலிருந்து கரியமில வாயு இவ்வளவு இருக்கலாம் என்று தானே ஓர் எண்ணைப் போட்டுக்கொள்கிறது. சம்பல் தாளிக்கும்போதும் வாசனைத் தெளிப்பானை அடிக்கும்போதும் ஆளே இல்லாத கூடத்தில் 2,000 காட்டியது. ஃபார்மால்டிஹைடும் அதே ரகம். கரியமில வாயு, ஃபார்மால்டிஹைடு, ஆவி, இந்த மூன்றையும் பார்க்காமல் திரையைப் பழகிக்கொண்டேன்.

இது பார்க்காதவையும் உண்டு. ரப்பர் ஆலைப் பக்கமிருந்து காற்றடிக்கும்போது வருமே அந்த நாற்றம், எண் அசையவே அசையாது. மருந்தடிப்பு நடக்கும் நாளிலும் அதை நம்பி உட்காராதீர்கள். கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, ஓசோன் எதற்கும் இதில் சென்சார் இல்லை. கந்தக டைஆக்சைடுக்கு என்னிடம் ஒரு இலவசச் சென்சார் இருக்கிறது. பழைய பால்மரத்துப் பட்டையில் சாம்பல் வெள்ளைத் திட்டுகளாகப் படர்ந்திருக்குமே லைக்கன், பிரியாணியில் போடும் கல்பாசியும் அந்த வகைதான். வேர் கிடையாது, வேண்டியதையெல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுப்பதால் கந்தகம் கூடின இடத்தில் பல இனங்கள் முதலில் செத்துப்போகும். பட்டை மொட்டையாக இருந்தால் கந்தகம்தான் என்று உடனே சொல்ல முடியாது, வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் நடைபோகும்போது கண் அங்கே போகிறது.

புகைமூட்டக் காலத்துக்கு மட்டும் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம். 1999 தொடங்கி 2005 ஆகஸ்ட்டு வரை குறியீட்டு எண்ணை அரசாங்கம் வெளியே விடவில்லை, சுற்றுலா பாதிக்கும் என்று காரணம் சொன்னார்கள். போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்த மாதத்தில்தான் எண்ணைத் திறந்துவிட்டார்கள். 2013 ஜூனில் மூவாரில் 746 வந்ததை எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். இப்போது ஒளிவு மறைவு இல்லை, என்றாலும் கையில் ஓர் எண் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. புகைமூட்டம் மனிதருக்கு மட்டும் இல்லை, வெயிலை மறைத்துச் செம்பனையின் உணவுத் தயாரிப்பையும் குறைக்கும். எடைக்குக் கூலி வாங்குகிறவர்களுக்கு அது எங்கே வலிக்கும் என்று தெரியும்.

கருவியாகப் பார்த்தால் மட்டமான வேலை. கம்பி செருகும் துளை சில மாதத்திலேயே ஆடத் தொடங்கியது, மின்கலம் மூன்று மணி நேரம் தாங்கினால் அதிகம், விற்றவரிடம் உத்தரவாதம் பற்றி அனுப்பிய செய்திக்குப் பதிலே இல்லை. பழைய எண்களைச் சேமிக்காது, நானே நோட்டில் எழுதுகிறேன். வாங்குகிறவர்கள் இன்னொரு 100, 150 வெள்ளி போட்டுச் சேமிக்கும் வகையாக, சென்சாரைத் தனியே மாற்ற முடிகிற வகையாகப் பாருங்கள். அடுப்பங்கரையிலும் காற்றாடிக்கு நேரேயும் வைக்க வேண்டாம், வெளியே வைத்தால் மழை படாத, வெயில் விழாத தாழ்வாரம்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களுக்கு ஒன்று சொல்லலாம். குறியீடு 100ஐத் தொட்டால் வெளி நடவடிக்கை நிறுத்தம், 200 ஆனால் பள்ளி மூடல் என்பது விதி, அது நிலையத்து எண்ணைப் பார்த்து முடிவாவது. நிலையம் தூரத்தில் இருக்கும் பள்ளியில் ஆசிரியர் அறையில் இப்படி ஒன்று இருந்தால், குறியீடு வருவதற்கு முன்னாலேயே பிள்ளைகளைத் திடலிலிருந்து உள்ளே கூப்பிடலாம். சேமிக்கும் வகையை வாங்குங்கள், என்னுடையதை வாங்காதீர்கள். ஐந்துக்கு மூன்று.