வரி பாக்கி வசூல் ஏஜென்சிக்குப் போய்விட்டதா? அவர்களிடமே தவணையா, ஐஆர்எஸ்ஸிடம் திரும்புவதா?

அமெரிக்காவில் பழைய வருமான வரி பாக்கிகளை அந்நாட்டு வரித்துறையான ஐஆர்எஸ் 2017 ஏப்ரலிலிருந்து தனியார் வசூல் ஏஜென்சிகளிடம் ஒப்படைத்து வருகிறது. முதலில் ஐஆர்எஸ் அனுப்பும் சிபி40 நோட்டீஸ் வரும், பிறகு ஏஜென்சியின் கடிதம். இரண்டும் வராமல் போன் மட்டும் வந்தால் பேச்சை வளர்க்காதீர்கள். நோட்டீஸில் 10 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் ஐந்தை நீங்கள் சொன்னால், மீதி ஐந்தை அவர்கள் சொல்ல வேண்டும். கிஃப்ட் கார்டு கேட்டாலோ, ஏஜென்சி பெயருக்குப் பணம் கேட்டாலோ மோசடிதான். பணம் எப்போதும் அமெரிக்க கருவூலத்துக்கே போகும்.

பாக்கி சின்னது, நாலைந்து மாதத்தில் முடித்துவிடலாம் என்றால் ஏஜென்சியோடேயே முடித்துக்கொள்ளலாம். 7 ஆண்டு வரை தவணை தர அவர்களுக்கு அதிகாரம் உண்டு. சம்பளத்தைப் பிடிக்கவோ சொத்தின் மேல் லீன் (பாக்கிக்கான பிணை உரிமை) போடவோ அதிகாரம் இல்லை. ஆனால் அபராதத்தைக் குறைக்கவும் முடியாது, பாக்கியைக் குறைத்து சமரசம் பேசவும் முடியாது. அவர்களால் முடிந்தது முழுத் தொகையையும் வசூலிப்பது மட்டும்தான்.

பெரிய பாக்கிக்கு என் ஓட்டு ஐஆர்எஸ்ஸுக்கே. காரணம் அபராதக் கணக்கு. கட்டாத வரிக்கு மாதம் 0.5% அபராதம் ஏறும். ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்து, ஐஆர்எஸ்ஸுடன் முறையான தவணை ஒப்பந்தம் அமலில் இருந்தால் அது 0.25% ஆகும். 12,000 டாலர் வரி பாக்கி என்றால் மாதம் 60 டாலர் 30 ஆகிவிடும். ஏஜென்சி தரும் தவணைக்கும் இந்தச் சலுகை தானாகக் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஆன்லைனில், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் திட்டத்துக்குத் தொடக்கக் கட்டணம் 22 டாலர். இந்த உதாரணத்தில் அந்தக் கட்டணம் முதல் மாத மிச்சத்திலேயே கைக்கு வந்துவிடும். வட்டி எப்படியும் ஓடும், அதுவும் தினமும் கூட்டு வட்டியாக.

இதில் ஒரு சிக்கல். இந்த அபராதத்துக்கு 25% உச்சவரம்பு உண்டு. மாதம் அரை சதவீதம் வீதம் 50 மாதத்தில் தொட்டுவிடும். ஏஜென்சிக்குப் போவதெல்லாம் பழைய பாக்கிகள் என்பதால் உங்களுடையது ஏற்கெனவே தொட்டிருக்கலாம். தொட்டிருந்தால் பாதியாகக் குறைய எதுவும் மிச்சமில்லை, என் வாதமும் பாதி அடிபட்டுப்போகும். ஐஆர்எஸ் ஆன்லைன் கணக்கில் பாக்கி உள்ள ஆண்டின் அக்கவுண்ட் டிரான்ஸ்கிரிப்டை (கணக்கு விவரப் பதிவு) எடுத்து, 276 என்ற குறியீட்டுக்கு எதிரே உள்ள தொகையையும் மேலே 'அக்ரூட் பெனால்டி' (இதுவரை சேர்ந்த அபராதம்) என்றிருக்கும் தொகையையும் கூட்டி, 25% ஆகிவிட்டதா என்று பாருங்கள். உச்சவரம்பைத் தொட்டிருந்தாலும், அந்த ஆண்டுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அபராதமின்றிச் சுத்தமாக இருந்தால் முதல்முறை அபராதத் தள்ளுபடி கேட்கும் வழி ஐஆர்எஸ்ஸிடம் இருக்கிறது.

ஐஆர்எஸ்ஸிடம் திரும்ப வேண்டுமானால் ஏஜென்சியிடமே எழுத்தில் கேட்க வேண்டும். போனில் சொன்னால் போதாது. நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் திரும்பிய பிறகு சும்மா இருந்தால் வங்கிக் கணக்கைப் பிடிக்கும் அதிகாரமுள்ள கையில் மாட்டியிருக்கிறீர்கள். உடனே தவணைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

எந்த வழியானாலும் டைரக்ட் பேயில் (ஐஆர்எஸ்ஸின் ஆன்லைன் கட்டணப் பக்கம்) கட்டும்போது பணம் எதற்கு என்பதையும் சரியான வரி ஆண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆண்டு மாறினால் பணம் வேறு கணக்கில் உட்கார்ந்துவிடும். அடையாளச் சரிபார்ப்பில் தப்பாகப் போவது பெரும்பாலும் முகவரிதான். சரிபார்ப்புக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் ரிட்டர்னில் இருந்த முகவரியைத்தான் எழுத வேண்டும், இப்போது இருக்கும் வீட்டை அல்ல.